கடற்கரைப் புல்வெளியில் ஒரு வளைவு

என் வீட்டுக்காரி நகராட்சியில் புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கடற்கரைப் புல்வெளியில் முதல் வண்டி எப்போதும் அவளுடையது. அவள் வெட்டிய ஓரத்தைப் பிடித்துத்தான் அடுத்த வண்டி போகும். அதைப் பிடித்து அதற்கடுத்தது. கோடு கொஞ்சம் கோணினாலும் அன்றைக்கு வீட்டில் என் பாடு திண்டாட்டம்.

இந்த வருஷம் மேஸ்திரி வேலை காலியானது. வேலையை நேரில் பார்த்துத்தான் ஆளைப் போடுவேன் என்றுவிட்டார் புது அதிகாரி. அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் வண்டி பாதிக் கோட்டில் நின்றிருந்தது. பதறி ஓடினேன். சக்கரத்துக்கு முன்னால் இடுப்பளவு முட்செடிகள், உச்சியில் ஊதாப் பூக்களோடு.

“போன வருஷமே பார்த்தேங்க. இலையைத் தரையோட ஒட்டி விரிச்சுக்கிட்டு பிளேடுக்குக் கீழ தப்பிச்சுதுங்க. இப்பத்தான் எழுந்து நிக்குதுங்க.”

“முள்ளுதானே, ஏத்திட்டுப் போயேன். அதிகாரி மேட்டுல நிக்கிறாரு!”

“இந்தக் கரையிலயே பொறந்த செடிங்க இது. ஒரே தடவைதான் பூக்கும், விதை விட்டதும் செத்துடும். இப்ப வெட்டினா வம்சமே போச்சு.”

“மேஸ்திரி வேலை போயிட்டா?”

“போனாப் போகுது. நகருங்க.”

ஸ்டியரிங்கை ஒடித்து, செடிகளை ஒதுக்கி வளைத்து ஓட்டினாள்.

இரண்டாவது வண்டியை ஓட்டியவன், எல்லாரும் மொட்டை என்று கூப்பிடும் பையன். அவனும் அதே வேலைக்குப் போட்டி. நேராக விட்டிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பான். அவனோ அவள் ஓரத்தைப் பிடித்து அப்படியே வளைத்தான். பின்னால் வந்தவர்களும் வளைத்தார்கள். மொத்தப் புல்வெளியும் ஒரே இடத்தில் வளைந்து கிடந்தது.

அதிகாரி கடுகடுவென்று இறங்கி வந்தார். “யார் வேலை இது?”

“என் வேலைதான் சார். தெரிஞ்சேதான் வளைச்சேன்,” என்று செடிகளைக் காட்டினாள்.

அவர் மொட்டையிடம் திரும்பினார். “நீ இருந்த இடத்துலேருந்து செடியே தெரியாதே. நீ ஏன் வளைச்சே?”

“அக்கா வளைச்சாங்க சார். காரணமில்லாம வளைக்க மாட்டாங்க.”

அதிகாரி வளைந்து கிடந்த கோடுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “சரி, மேஸ்திரி யாருன்னு நீங்க எல்லாருமே முடிவு பண்ணிட்டீங்க,” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.