நானூறு பிக்சலில் ஒரு கண்

என் அண்ணனின் மனைவி, தோல் நோய் மருத்துவமனையில் படம் எடுப்பவர். கல்யாணப் படமெல்லாம் இல்லை. மச்சம், படை, தழும்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன அளவுகோல் வைத்துத்தான் எடுப்பார். வீட்டிலும் அதே புத்தி. சட்டையில் கறை என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிற ஆள். பதினான்கு வருட வேலை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், எழுதுகிறேன்.

நான் வெல்டர். என் இடது மேல் இமை ஓரத்தில் ஒரு மச்சம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அண்ணி அதைப் படம் எடுப்பார். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். வளரவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான்கு வருடமாக அப்படித்தான் போனது.

கேமராவிலிருந்து வரும் படம் மகா பெரியது. வார்டுகளில் இருக்கிற கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் திறக்காது. அதனால் அண்ணி தினமும் மாலையில் கம்ப்யூட்டரில் கருப்புத் திரையைத் திறந்து இரண்டு வரிக் கட்டளை தட்டுவார். முதல் வரி, அன்றைய படங்களை வேறு ஃபோல்டருக்கு நகலெடுக்கும். இரண்டாம் வரி, அந்த நகல்களை நானூறு பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும். ஆயிரம் படமானாலும் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டாம் வரிக்கு ஒரு கெட்ட குணம். சுருக்கியதைத் தனியாக வைக்காது. இருக்கிற படத்தின் மேலேயே எழுதிவிடும், ஒரு வார்த்தை கேட்காது. அதற்காகத்தான் முதல் வரி. இரண்டையும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, 'ரெண்டையும் வரிசையாத்தான் தட்டணும்' என்று கீழே சேர்த்து, திரைக்கு மேலே ஒட்டியிருந்தார்.

அங்கே ஒரு மேலாளர் இருக்கிறார். அண்ணி அவருக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. அண்ணி காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது புது வார்டு ஒன்றைத் திறந்தார்கள். அங்கே பழைய படங்களும் வேண்டும் என்றார்கள். சுருக்கிய நகல்கள் அடுத்த ஃபோல்டரிலேயே தயாராகக் கிடந்தன. அண்ணிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? தாளைப் பார்த்து அவரே தட்டினார். முதல் வரி, டிஸ்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. மனுஷனுக்கு அங்கேயாவது உறைத்திருக்க வேண்டாமா? அதை விட்டுவிட்டு, அசல் படங்கள் இருந்த ஃபோல்டரிலேயே இரண்டாம் வரியைத் தட்டினார். பதினோராயிரம் படம். அந்தச் சனிக்கிழமை தானாக ஓடும் பேக்கப், சின்னப் படங்களை அள்ளி, அங்கே பத்திரமாக இருந்த பெரிய படங்களின் மேல் கொட்டியது. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

என் முறை வந்தபோதுதான் தெரிந்தது. டாக்டரம்மா பழைய படத்தைப் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாகக் கிடந்தது. என் மச்சம் ஐந்தாறு கட்டம்.

"என்னம்மா இது?" என்றார்.

அண்ணி அடுத்த படத்தைத் திறந்தார், அதற்கடுத்ததையும். "எல்லாமே நானூறு," என்றார்.

டாக்டரம்மா என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "லேசா பெருசான மாதிரி இருக்கு. பழைய படம் இருந்தா அடிச்சுச் சொல்லிடுவேன். காத்திருந்து பாக்கலாம், ஆனா வளந்திருந்தா புத்துநோயா இருக்கலாம், அதுக்குள்ள ஆழமா இறங்கிடும். எடுத்துடறதுதான் நல்லது. ஓரத்துல இருக்கறதால, அப்புறம் கண்ணு முழுசா மூடாமப் போகலாம்."

படங்கள் மாறிய தேதியைப் பார்த்தால், அண்ணி காய்ச்சலில் படுத்திருந்த நாள்; அன்று அறைச் சாவி மேலாளரிடம் இருந்தது. அண்ணி நேராக மேலாளர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தாள எழுதி ஒட்டினது நீங்கதானம்மா? அது ஆபத்துன்னா எதுக்கு எழுதி வச்சீங்க?" என்றார் அந்த மகானுபாவர்.

"மேலயே முதல் வரி இருக்கு சார். உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு நம்பி ஒட்டினேன்."

பதினான்கு வருடத்தில் அண்ணி அங்கே குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அண்ணிக்கு. மேலாளருக்கு ஒரு மண்ணும் ஆகவில்லை.

மச்சத்தை எடுத்தார்கள். பத்து நாளில் பரிசோதனை முடிவு வந்தது: சாதாரண மச்சம். புற்றுக்கான அடையாளமே இல்லை. வராந்தாவில் எதிரே வந்த மேலாளர் என் தோளைத் தட்டி, "நல்லதாப் போச்சு பாருங்க, ஒண்ணும் இல்லையாம்," என்றார். ஒன்றும் இல்லாததற்குத்தான் என் இமையை அறுத்தார்கள் என்பது அந்த மண்டைக்குள் ஏறவே இல்லை. கையை ஓங்கியிருப்பேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது இமை முழுதாக இறங்காது. புகையும் வெளிச்சமும் ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபது வருடம் வெல்டிங் செய்த அதே பட்டறையின் வாசலில் உட்கார்ந்து கம்பி எடை போடுகிறேன். உள்ளே பொறி பறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே நாற்காலி. திரைக்கு மேலே தாள் இல்லை, பிய்த்த தடம்தான் இருந்தது. அண்ணி கன்னத்தில் அளவுகோலை வைத்து, எப்போதும்போலச் சொன்னார்.

"கண்ண மூடிக்கோங்க தம்பி."

"மூடித்தான் இருக்கேன் அண்ணி."

கேமரா சத்தம் வரவில்லை. மூடாத அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். அளவுகோலை எடுக்காமல் அண்ணி அழுதுகொண்டிருந்தார்.