டெல்மர் ஃப்ரீசென் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்த பாத்திரம்

2012 நவம்பர் 9 – டூனா நூடுல்ஸ், ஒரு பாத்திரம்.
2012 நவம்பர் 17 – மஃபின், 12.
2012 டிசம்பர் 1 – டூனா நூடுல்ஸ், ஒரு பாத்திரம்.
2012 டிசம்பர் 8 – மஃபின், 14.
2023 ஜூன் 24 வரை – பாத்திரம் தெருவைக் கடந்த தடவைகள், 387.

டெல்மர் ஃப்ரீசென் 1945இல் கனடாவின் சஸ்காச்சவானில் பிறந்தார். எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் நாற்பத்தொரு ஆண்டு எடை பார்த்தார். தன் காலை யாராவது மிதித்தால் மன்னிப்புக் கேட்பது அவர்தான். 1969இல் ஒரு நடன விருந்தில் நீட்டா என்ற பெண் அவர் காலை மிதித்தாள். இவர் மன்னிப்புக் கேட்டார், அவளும் கேட்டாள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தாவது மாதம் கல்யாணம் நடந்தது.

நீட்டாவை அடக்கம் செய்த மறுநாள், எதிர்வரிசையில் இருக்கும் அர்லீன் மெக்கேப் டூனா மீன் போட்ட நூடுல்ஸைச் சுட்டு எடுத்துவந்தாள். கண்ணாடிப் பாத்திரம், அடியில் டேப் ஒட்டி அவள் பெயர் எழுதியிருந்தது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதற்கு ஊரில் யாருக்கும் துணிவில்லை. டெல்மர் அதில் மஃபின் வைத்துக் கொடுத்தார். மஃபினை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அர்லீனால் முடியவில்லை. பத்தரை ஆண்டு ஓடிவிட்டது.

"வாலஸ், டூனாவப் பாத்தாலே எனக்குக் குமட்டுது" என்று டெல்மர் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொல்லுவார்.

"அப்போ வேண்டாம்னு சொல்லிடு."

"மூஞ்சிக்கு நேராவா? நான் என்ன காட்டுமிராண்டியா?"

அர்லீனுக்குச் சர்க்கரை வியாதி. மஃபின்களை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். "அவர்கிட்ட சொல்லித் தொலைச்சுடாதீங்க. இத்தன வருஷமா விஷமா குடுத்தோம்னு அந்த மனுஷன் உருகியே போயிடுவார்."

இருவர் வீட்டுப் பண்டமும் பெரும்பாலும் என் வயிற்றில்தான் முடிந்தது. 2015இல் என் இடுப்பளவு நான்கு அங்குலம் கூடியது.

2023இல் டெல்மர் வீட்டை விற்றார். ஜூன் 30ஆம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு, விக்டோரியாவில் இருக்கும் மகள் ஜானிஸ் வீட்டோடு போய்விட வேண்டும். ஜூன் 24ஆம் தேதி அர்லீன் வழியனுப்பும் டூனாவோடு வந்தாள். டெல்மர் இடிந்துபோய் என் வீட்டுக்கு வந்தார்.

"மஃபின் வெச்சுக் குடுத்தா வியாழக்கிழமைக்குள்ள மறுபடியும் டூனா வந்துடும். குடுக்காம போனா திருட்டு. ஒரு பாக்கியும் இல்லாம நிம்மதியா ஊரவிட்டுப் போகணும், வாலஸ். அது ஒண்ணுதான் கேக்குறேன்."

"வெறும் பாத்திரமா குடுத்துட்டா?"

எங்கள் பேச்சு யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

ஜூன் 29, காலை 10:15. அர்லீன் வீட்டு வாசலில் டெல்மர் பாத்திரத்தை நீட்டினார். அவள் வாங்கி உள்ளே பார்த்தாள்.

"ஓ" என்றாள். பிறகு, "எவ்ளோ அழகா கழுவியிருக்கீங்க!"

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரி, உங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும். நான் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்."

"இல்லல்ல, நான்தான் உங்களப் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்."

விடைபெற்று முடிக்க நாற்பத்தேழு நிமிடம் ஆயிற்று. மறுநாள் டெல்மர் ஊரைவிட்டுப் போனார்.

அன்று மாலையே அர்லீன் கண் சிவந்து என் வீட்டுக்கு வந்தாள். "உண்மையச் சொல்லுங்க வாலஸ், நான் என்ன தப்புப் பண்ணேன்? வெறும் பாத்திரத்த நீட்டுற அளவுக்கு?"

"ஒரு தப்பும் இல்ல அர்லீன்."

"இல்ல, ஏதோ இருக்கு. நான் மன்னிப்புக் கேட்டே ஆகணும்."

கேட்டாள். பூப்போட்ட அட்டை, ஜூலை 3. அவளை மன்னிப்புக் கேட்க வைத்ததற்காக டெல்மர் மன்னிப்புக் கேட்டார், ஜூலை 11. அதைப் படித்தவள், அவர் மனத்தைச் சங்கடப்படுத்தியதற்காக மறுபடி கேட்டாள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஒன்பது அட்டைகள் போய்வந்துவிட்டன. பத்தாவதை எழுத வேண்டியவர் டெல்மர்.

செப்டம்பர் 8ஆம் தேதி அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தூக்கமே போச்சு, வாலஸ். ஜானிஸ் தபால்தலையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. இதுக்கு இங்க வந்தும் பிரயோஜனமில்ல. பாதி நான் அங்கதான் இருக்கேன்."

"உண்மைய எழுதிடு."

"எந்த உண்மைய?"

"உன்கிட்ட ஒண்ணுதானே இருக்கு."

 அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அடுத்து வந்தது அட்டையல்ல, கோடு போட்ட தாள். அர்லீன் அதைப் பிரித்தபடியே தெருவைக் கடந்து ஓடிவந்தாள். நான் படித்தேன்: "அர்லீன், எனக்கு டூனா பிடிக்காது. ஒரு நாளும் பிடித்ததில்லை. டெல்மர்."

மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அர்லீன் என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு முட்டும் வரை சிரித்தாள்.

"அப்பாடா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவ்ளோ மட்டு மரியாத இல்லாத மனுஷன்! இதுக்கெல்லாம் நான் பதில் எழுத மாட்டேன்."

எழுதவில்லை. அவரும் அதன்பின் எழுதவில்லை. அந்தத் தாள் வந்து சேர்ந்தது 2023 செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை.