ராக்கம்மாவின் கொழுப்பு

மெஷின் என்றால் எனக்குப் பைத்தியம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்! பதுளையில் இருக்கும் என் டாக்டர் நண்பர் கொழும்பிலிருந்து புதிய மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவர் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். போன மாதம்... நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்.

தசை வேலை செய்யும்போது அதில் மெல்லிய மின்சாரம் ஓடுமாம். தோலின் மேல் சின்னத் தகடுகளை ஒட்டினால், மெஷின் அதைப் பிடித்து ஸ்பீக்கரில் சத்தமாகத் தரும். அதிசயம் இல்லையா?

டிஸ்பென்சரியில் காத்திருந்தவர் ராக்கம்மா. வாட்டசாட்டமான பெண். போன வருஷம் மலையில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் அவரை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டத்தான் விட்டிருந்தார்கள். அவருக்கோ தன் கூட்டத்தோடு மறுபடி கொழுந்து எடுக்கப் போக வேண்டும். கங்காணி விடவில்லை. "டாக்டர் ஐயா கை சரின்னு சொல்லட்டும்" என்று ஒரே பிடி. கொட்டும் மழையில் மலைக்கு விரட்டாதீர்கள் என்று எல்லார் முன்னாலும் அவரை எதிர்த்துப் பேசியவர் ராக்கம்மா. கங்காணி மறப்பாரா?

ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் ஒல்லியான ஒரு பெண். கையை இறுக்கினாள் — ஸ்பீக்கர் தகரத்தில் மழை கொட்டுவதுபோல் இரைந்தது. அடுத்து ராக்கம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். ஒரு முனகல்... அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, கை செத்துப்போச்சி!" என்றார் கங்காணி.

"அப்படிங்களா? இந்தச் செத்த கையால ஒங்க மணிக்கட்ட ஒருக்காப் புடிச்சிப் பாக்கட்டுங்களா?" என்றார் ராக்கம்மா. வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லப் பேசுபவர். "கையில ஒரு பிழையும் இல்லை. கொழுப்புத்தான் காரணம்" என்றார்.

தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு தடிப்பாக இருந்தால், தசையின் மின்சாரம் மேலே வருவதற்குள் தேய்ந்துவிடும். கம்பளிக்குள் இருந்து கத்துவதுபோல. தசை கத்துகிறது, மெஷினுக்கு முனகலாகக் கேட்கிறது. இதைத்தான் டாக்டர் சொன்னார். கேட்டவர் யார்?

"அப்படிச் சொல்லுங்கய்யா!" கங்காணி துள்ளினார். "நாங்க சொன்னா நம்புறாங்களா? மெஷினே சொல்லிருச்சி, கொழுப்புன்னு!"

"ஐயோ, நான் சொன்னது உடம்பில இருக்கிற கொழுப்பு..."

"ஆமாங்கய்யா, உடம்பு பூராவும் கொழுப்புத்தாங்க!"

இந்த முறை பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ராக்கம்மா சிரிக்கவில்லை. தகடுகளைத் தானே பிய்த்து மேசையில் வைத்துவிட்டு நடந்தார். டாக்டர், தோட்டத்தை நடத்தும் துரையிடமே போய், கை சுகம் என்று சொல்லி, ராக்கம்மாவுக்கு மலை வேலையை வாங்கிக் கொடுத்தார். எங்களுக்குப் பெரிய திருப்தி.

போன ஞாயிறு பண்டாரவளைச் சந்தையில் அந்த ஒல்லிப் பெண்ணைக் கண்டேன். "ராக்கம்மா எப்படி?" என்றேன்.

"அதையேங்க கேக்குறீங்க... மலையில ஏறுனாலே, 'மெஷின் கொழுப்பு வருது'ன்னு சின்னதுக பெருசுக எல்லாம் கூவும். கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்துச்சி. இப்ப அதுவாவே பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பிருச்சிங்க. யாரோடயும் பேச்சில்ல."

அந்தச் சொல்லுக்கு டிஸ்பென்சரியில் ஒரு அர்த்தம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு அர்த்தம்.

காது கேட்காமல் போக, மெஷினுக்காவது நிஜமான கொழுப்பு வேண்டியிருந்தது. நமக்கு அந்த வார்த்தையே போதும்.