பாசலில் ஒரு சிவப்புச் சோக் மாதா

என் மனைவி மேரியின் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இந்த மாரிக் குளிருக்குப் பிறகு பார்வை அவ்வளவாக இருக்காது என்று வைத்தியர் சொன்ன அன்று அவள் ஒன்றுதான் கேட்டாள். இங்கே சுவிஸில் பாசல் நகர அருங்காட்சியகத்தில், பதினேழாம் நூற்றாண்டு பாரோக் காலத்து ஓவியர் ஒருவர் சிவப்புச் சோக் கட்டியால் கீறி வரைந்த மாதாவை ஒரே ஒருக்கால் பார்க்க வேண்டுமாம். நான் சைவக்காரன், எனக்கு மாதாவும் ஓர் அம்மன்தான். கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம்.

வின்டர்தூரில் காலை 8.08 ரயில், சூரிச்சில் மாறி 9.36க்கு பாசல். அரைக்கட்டண அட்டையோடு போகவர ஆளுக்கு ஐம்பது பிராங் வரும். வழி முழுக்கப் புகார், வெள்ளைப் பனிமூட்டம். மரங்கள் வருவதும் போவதும் அரைத் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது.

“உங்களுக்கும் ஒண்டும் தெரியேல்லையோ?”

“ஓம், ஒண்டும் தெரியேல்லை.”

அதில் அவளுக்கு ஒரு சந்தோசம்.

அருங்காட்சியகத்தில், வெளிச்சம் பட்டால் தாள் மங்கிவிடும் என்று படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டால், பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள். வேலை செய்யும் பெண் மூடியைத் திறந்ததும் மேரியின் விரல் நீண்டது. சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது எங்கள் இரு சமயத்துக்கும் பழக்கம். கை தானாகப் போய்விடும். அந்தப் பெண் சட்டென்று தன் கையைக் குறுக்கே வைத்தாள். மேரி அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஏசவும் வரவில்லை.

மேரி வெகுநேரம் குனிந்திருந்தாள்.

“சிவப்பாய்ப் புகார் கிடக்கு. பிடிபடேல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

பிந்தி வந்துவிட்டோம்.

“அரசனுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடிப்போற வழி. மாதா பிள்ளையோட மரத்துக்குக் கீழ இருக்கிறா. சூசையப்பர் கொப்பில உடுப்புக் காயப்போடுறார்.”

“உண்மையாவோ?”

“ஓம். பிள்ளையின்ர உடுப்பு.”

“பாருங்கோ, அவரே செய்யிறார்.”

மாதாவின் புருசனே உடுப்புக் காயப்போடுகிறார், நான் போட்டதில்லை. குத்து எனக்குத்தான். அரை மணித்தியாலம் இலை, கழுதை, துணி முடிச்சு என்று மூலை மூலையாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் கேட்டாள்: “மாதாவின்ர முகம் களைப்போ, சந்தோசமோ?”

நான் கவனிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை. “இன்னொருக்கால் போய்ப் பாத்துச் சொல்லுறன்” என்றேன். தை மாதத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் இரண்டு கிழமை, பதினாலு நாள், முன்னதாக எழுதுங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள். படத்தைத் திறந்ததும் முதலில் முகத்தைப் பாருங்கள்.