கூட இருப்பவர்: செலவில்லை

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். கம்பெனி முதலாளி, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆம்பூர் பாய், நான். பணம் தரப்போகும் ஆஸ்பத்திரியின் அதிகாரியம்மா ஸ்பீக்கர்போனில் குரலாக மட்டும் இருந்தார். நர்ஸ் ஒருவரும் இல்லை. யாருக்காகத் திட்டம் போட்டோமோ அந்த வயதானவர்களில் ஒருவரும் இல்லை. பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே டிரில் ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக அதிரும்.

திட்டம் சொல்வதற்கு எளிது. இதய நோயாளிகள் நாற்பது பேரின் வீடுகளில் ரத்த அழுத்தக் கருவியும் எடை மெஷினும் வைப்போம். காலையில் கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினால் டெலிபோன் லைன் வழியாகவே அளவு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். யாருக்கு ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது என்று அங்கே ஒரு திரையில் தெரியும். இதற்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பணம் வாங்குவது என் பொறுப்பு.

போனை வைத்த பிறகு முதலாளி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "தம்பி, இந்தப் பணம் வந்துச்சுன்னா நீதான் புராஜெக்ட் மேனேஜர். அந்த போஸ்ட்ட வச்சு உனக்கு கிரீன் கார்டு ஃபைல் பண்ணிடலாம். வரலைன்னா நான் எதைக் காட்டி ஃபைல் பண்றது, சொல்லு?"

என் விசாவுக்கு ஆறாண்டு கெடு. அது முடிவதற்கு ஒரு வருஷம் முன்பாவது மனு போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு கம்பெனிக்குத் தாவினால் அங்கே மனு போடுவதற்குள் கெடு தாண்டிவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போனால் அடுத்து என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு முன்னால் போனவர் யாருமில்லை.

ஆகவே அந்தத் திட்டத்தைப் பரீட்சை எழுதுவதுபோல எழுதினேன். கருவிகள், உபரிக் கருவிகள், கம்ப்யூட்டர், மேனேஜர் சம்பளம், ஒன்றையும் விடவில்லை. பட்டையைக் கட்டிவிடுவது யார் என்ற இடத்தில், "வீட்டில் கூட இருப்பவர்: செலவில்லை" என்று எழுதினேன்.

பாய் படித்துப் பார்த்தார். "கரெக்டாத்தான் இருக்குப்பா. பேட்டரி மட்டும் கூடப் போட்டுக்க." முதலாளி மொத்தத் தொகையை மட்டும் பார்த்தார். அந்த வரியில் யாருடைய கண்ணும் நிற்கவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் கட்டில் கொடுப்பதற்கு முன்பே, "கூட யாரு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கூட ஆள் இல்லாத நோயாளி எங்கள் மூவர் கற்பனையிலும் வரவில்லை. மற்ற கம்பெனிகள் கேட்டதைவிட எங்கள் தொகை மிகக் குறைவு. பணம் உடனே வந்தது. பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது.

முதல் வீட்டில் ஒரு மூதாட்டி. மூட்டுவலியில் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சோபாவில் படுத்திருந்த பூனையைக் காட்டிச் சிரித்தார். மகன் நாட்டின் மறு கோடியில், ஓரிகனில் இருந்தான். அடுத்த வீடும் அப்படித்தான். நாற்பதில் பாதிக்கு மேல் தனி ஆள். ஒருவர் பட்டையை ஸ்வெட்டருக்கு மேல் கட்டினார், ஒருவர் கணுக்காலில் கட்டியிருந்தார். இரண்டாவது வாரமே திரையில் பாதிப் பெயர்களுக்கு எதிரே வெற்றிடம்.

"நர்ஸ் போடணும்னா மறுபடி ஆஸ்பத்திரிகிட்ட கை நீட்டணும்," என்றார் முதலாளி. "'இதுகூடத் தெரியாமயா வந்தீங்க'ன்னு மொத்தமா நிறுத்திட்டா? உன் ஃபைலும் அதோட போச்சு. காலைல ஒரு ரவுண்டு நீயே போய்ட்டு வந்துடு."

போனேன். என் மனைவி ஊரில் நர்ஸாக வேலை பார்த்தவள். இங்கே அவள் விசாவில் வேலை செய்யக் கூடாது, இந்த ஊர் லைசென்ஸும் கிடையாது. அபார்ட்மென்ட் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது மேல் என்று என்னோடு காரில் வருவாள். நான் உள்ளே போய் வரும்வரை ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. "அதான் வீட்லயே நர்ஸ் இருக்காங்களே! சும்மாதான இருக்காங்க, ஒரு சர்வீஸா பண்ணச் சொல்லேன்."

காரில் வைத்து அவளிடம் சொன்னேன்.

"சும்மாதான இருக்கான்னு அவர் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

"அவர்தான்."

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களா?"

நான் கார் கண்ணாடியைத் துடைத்தேன்.

"லைசென்ஸ் இல்லாம நான் ஒருத்தர் கையைத் தொட்டு, நாளைக்கு அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு பேரையும் சேத்தே பிளேன் ஏத்துவாங்க. அதை விடுங்க. செலவில்லைன்னு எழுதினீங்களே, யாரை நெனச்சு எழுதினீங்க? உங்கப்பா படுத்திருந்தப்போ கூட இருந்தது உங்கம்மாவும் நானும். எனக்கு லீவு போட்ட சம்பளம் போச்சு. உங்கம்மாவுக்கு இடுப்பு போச்சு. அது செலவில்லையா?"

அதற்குப் பிறகும் நான் தைரியமாக எதுவும் செய்துவிடவில்லை. ரவுண்டுதான் போய்க்கொண்டிருந்தேன். பனி கொட்டிய ஒரு நாள் கார் எடுக்க முடியவில்லை. மறுநாள் ஒரு பெரியவருக்கு வீட்டுக் கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. கால்கள் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் முந்தின நாள் அவர் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லாததை, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வரும் அதே திரையில் நான் பார்த்திருந்தேன்.

முதலாளியிடம் சொல்லாமல் நேரே அதிகாரியம்மாவிடம் போனேன். கையிலிருந்த திட்டத்தில் நர்ஸுக்கென்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "அதனால்தான் அவ்வளவு மலிவாக இருந்ததா?" என்றார். எங்கள் ஊரில் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்றேன். புதிதாகப் பணம் கிடையாது, இருக்கிற தொகைக்குள் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். கருவிகளில் கை வைக்க முடியாது. வெட்டினால் நர்ஸுக்குப் போதுமான தொகை வரக்கூடிய வரி ஒன்றுதான் இருந்தது, மேனேஜர் சம்பளம். அதை அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"உன் போஸ்ட்ட நீயே வெட்டிட்டு வந்திருக்க! பைத்தியமாடா உனக்கு?" முதலாளி கத்தியது கீழே பல் டாக்டருக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "சரி, வேற போஸ்ட் காட்டி ஃபைல் பண்றேன். வக்கீல் ஃபீஸ், அந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடைக்கலைன்னு காட்டறதுக்குக் குடுக்கற பேப்பர் விளம்பரம் எல்லாம் உன் செலவு. பழைய சம்பளம்தான். கார்டு வர்ற வரைக்கும் வேற எங்கயும் மூச்சு விடக் கூடாது."

கார்டு எத்தனை வருஷத்தில் வரும் என்று கேட்டதற்கு அவர் கூரையைப் பார்த்தார். வெளியே பாய் நின்றுகொண்டிருந்தார். "ஒத்துக்கப்பா. நானெல்லாம் அஞ்சு வருஷமா ஒத்துக்கிட்டேதான் இருக்கேன்."

அந்த வாரமே லைசென்ஸ் உள்ள ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். திரையில் எண்கள் வந்தன. நானும் ஒத்துக்கொண்டேன், எனக்கு மனு போடுவது முடிவாயிற்று. அது பலிக்கும்வரை அந்த மாடியை விட்டு இறங்க வழி கிடையாது என்பதும் முடிவாயிற்று. என் மனைவி நர்ஸ் லைசென்ஸ் பரீட்சைக்கென்று சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "பரீட்சை எங்கயும் ஓடிப்போகாது," என்று மட்டும் சொன்னாள். அதையும் சேர்த்து எண்ணினோம். வக்கீலுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இரண்டு தடவை விளம்பரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. ஆக மொத்தம் ஆறாயிரத்து முந்நூறு டாலர்.