பொட்டுக்காரர் வைத்த பிரேக்பாயின்ட்

பேருந்து முன்பதிவு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பொட்டுக்காரர் என்று பெயர். நிரலில் எந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைக்கிறோமோ, ஓடுகிற நிரல் அந்த வரியில் கப்பென்று நின்றுவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று சாவகாசமாக எட்டிப் பார்க்கலாம். அதுதான் பிரேக்பாயின்ட். மற்றவர்கள் ஒன்றிரண்டு வைப்போம். இவர் வைத்தால் திரைக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். வீட்டிலும் மனைவி ஏதாவது கதை சொன்னால் பாதியில் கையை உயர்த்தி, "இரு இரு, அப்போ உங்க சித்தி எங்க இருந்தாங்க?" என்பாராம்.

அந்த வாரம் ஒரே இருக்கை இரண்டு பேருக்கு விற்றுப்போகிற பிழை ஒன்று கிளம்பியது. சோதனைக் கணினியில் அது பரம சாது. மக்கள் டிக்கெட் வாங்கும் அசல் சர்வர்களில்தான் வாலை ஆட்டியது. ஆகவே பொட்டுக்காரர், புத்தியுள்ள எவரும் செய்யத் துணியாததைச் செய்தார். அசல் சர்வர் ஒன்றிலேயே, இருக்கை காலியா என்று பார்க்கும் வரிக்கும் அதைக் கொடுக்கும் வரிக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்தார்.

சற்று நேரத்தில் மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, தம்பி கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்க கவுண்டருக்கு வந்தேன். கடைசி ரெண்டு சீட்டுதான். அன்னிக்கு வேற வண்டியும் இல்ல. காலின்னு காட்டிட்டு அப்படியே நின்னுபோச்சு. எந்தப் புண்ணியவான் என்ன பண்ணினானோ!"

திரையைப் பார்த்தார். பொட்டில் மாட்டி நின்றது அவளுடைய டிக்கெட்டேதான். ஒரு விசையைத் தட்டினால் போதும்.

"கொஞ்சம் பொறும்மா, உள்ள என்னன்னு பாத்துட்டு விட்டுடறேன்."

"அடப்பாவி மனுஷா, நீங்கதானா அது!"

அவர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, இன்னொரு சர்வர் வழியாக யாரோ அதே இருக்கைகளை வாங்கிவிட்டார்கள். பிறகு விசையைத் தட்டினார். மனைவிக்கும் அவையே கிடைத்தன. பிழை கையும் களவுமாகப் பிடிபட்டது! அலுவலகமே எழுந்து கைதட்டியது.

மேலாளர் தோளில் தட்டினார். "பிரமாதம்யா! பின்னாடி வாங்கினவங்க டிக்கெட்டை ரத்து பண்ணிடு."

முதலில் வந்தவள் மனைவி. பொட்டின் புண்ணியத்தில், பின்னால் வாங்கியவளும் அவளே. கடமை தவறாதவர், ரத்து செய்தார்.

மாலையில் மனைவி தம்பியைப் போனில் அழைத்தாள்.

"நாங்க வரலடா... இல்லல்ல, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க டிக்கெட்டை உன் மச்சானே அவர் கையால ரத்து பண்ணிட்டார்... ஆமாடா, ஆபீஸ்ல கைதட்டினாங்களாம்."