முப்பது பேரிங்குகளும் ஏகாதசியும்

எண்பதுகளின் நடுவில், பாலக்கரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏசி அறை. ஊரில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே அப்போது குறைவு. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட என்னைத் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுப்பார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான், அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஸ்ரீரங்கத்தில் இருந்த ஒரு நீரேற்று நிலையத்திலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்தார். மெட்ராஸிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். பத்து வருடப் பழுது நோட்டுகளை என் மேசையில் அடுக்கினார். ஒரு பாகம் எத்தனை நாள் உழைக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம் எங்களிடம் ஃபிளாப்பியில் இருந்தது. நோட்டில் இருப்பதையெல்லாம் அதற்குள் ஏற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மூன்று பம்புகள், அவற்றின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குகள் பத்து வருடத்தில் முப்பது. நோட்டில் பாகத்தின் பெயர், மாட்டிய தேதி, கழற்றிய தேதி என்று ஒரே கையெழுத்தில் பிசிறில்லாமல் எழுதியிருந்தது. புரோகிராம் நான்காவதாக ஒன்று கேட்டது. பாகம் கெட்டுப்போயிருந்தால் ஒன்று, கெடாமலே கழற்றியிருந்தால் பூஜ்யம். நோட்டில் அப்படி ஒரு விவரம் இல்லை. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கெட்டுப்போகாத பேரிங்கை எவனாவது கழற்றுவானா என்று நினைத்து, முப்பது பேரிங்குகளுக்கும் வரிசையாக ஒன்று போட்டேன்.

பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது. பேரிங்குகள் அத்தனையும் மாட்டிய ஒரு வருடத்தில் செத்துக்கொண்டிருந்தன. இவ்வளவு ஒழுங்கான முடிவு அதுவரை எனக்கு வந்ததில்லை. சந்தோஷத்தில் கீழே இரண்டு வரி நானாகச் சேர்த்தேன். பொருத்தும் முறையில் கோளாறு இருக்கலாம். பெரும்பாலும் டிசம்பரில் கெடுவதால் குளிரும் காரணமாக இருக்கலாம். திருச்சியில் குளிராம். எழுதும்போது எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஒரு சாக்குப்பையுடன் மாடியேறி வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பையை மட்டும் உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டார். நீரேற்று நிலையத்து ஃபிட்டர். நோட்டில் இருந்த கையெழுத்து அவருடையது.

"என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கம்மா. நான் மாட்டுறது சரியில்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சாம். விசாரணை இருக்கு. வேலையே போனாலும் போயிடும்ங்கறாங்க" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் என்னை உலுக்கியது.

பையிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து, கட்டை விரலில் மாட்டி, மறுகையால் லேசாகத் தட்டினார். சத்தமில்லாமல் சுற்றியது. நின்றபாடில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் சுற்றியது.

"கெட்டுப்போகலையே. அப்புறம் ஏன் கழட்டினீங்க?" என்றேன்.

"ஏகாதசி வருதேம்மா. சொர்க்கவாசல் தெறக்கற அன்னைக்கு எத்தனை சனம் வரும். அன்னைக்குத் தண்ணி நிக்கலாமா? அதான் வருஷா வருஷம் அதுக்கு முந்தின வாரம் மூணுத்துக்கும் புதுசு மாட்டிடுவேன்."

"அதை நோட்டுல எழுதலையே நீங்க."

"இதை எழுதணுமாம்மா? ஸ்ரீரங்கத்துல யாருக்குத் தெரியாது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்ரீரங்கம் வேண்டாம், பாலக்கரையில் இருந்த எனக்கே தெரியும். வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் முழுக்க லீவு. வருடா வருடம் அந்த லீவில் முக்கொம்புக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனவள் நான். அந்தத் தேதிகளை என் விரலாலேயே தட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட உறைக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் எதிரிலேயே முப்பது ஒன்றுகளையும் அழித்துப் பூஜ்யம் போட்டேன். புரோகிராமை ஓட்டினேன். ஒரே ஒரு வரிதான் வந்தது. பழுது எதுவும் இல்லாததால் கணக்கிட இயலாது. மறுபடி ஓட்டினேன். அதே வரி. கெட்டது ஒன்றாவது இருந்தால்தான் இது கணக்குப் போடும் என்று அவரிடம் சொன்னேன். ஒன்றுமே கெடாத பம்பைப் பற்றிச் சொல்ல அதற்கு ஒன்றும் இல்லை. முதல் தடவை அது சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியவள் நான்தான்.

அந்தக் காகிதத்தையும், தவறு என்னுடையது என்று கையால் எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முதல்ல பன்னெண்டு பக்கம் ரிப்போர்ட் தந்தீங்க. இப்ப கணக்கிட இயலாதுங்கறீங்க. இதை நான் எப்படி ஃபைல்ல வைக்கறது? நீங்களே சொல்லுங்க."

இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அழுகை வந்தது. காவிரிப் பாலத்தில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அதற்குப் பிறகு விசாரணை தள்ளிக்கொண்டே போனது. தீபாவளி வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. குடிலில் பொம்மைகளை அடுக்கும்போதும் எனக்கு அந்தச் சாக்குப்பைதான் ஞாபகம்.

அந்த வருடமும் ஏகாதசி வந்தது. லீவுதான், ஆனால் நான் எங்கும் போகவில்லை. மறுநாள் காலை சென்டரைத் திறக்கும்போது ஃபிட்டர் வாசலில் நின்றிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

உள்ளே வந்து மேசையில் வைத்துப் பிரித்தார். பேரிங். நீலம் பாரித்து, எரிந்த கிரீஸ் வாடையுடன் இருந்தது. கட்டை விரலில் மாட்டித் தட்டினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அசையவேயில்லை.

"நேத்து விடியக்காலை. இந்த வருஷம் யாரும் மாத்தலை, நான் இல்லையே" என்றார். "சொர்க்கவாசல் தெறக்கற நேரம். ரெண்டாவது பம்பு எறுகிப் போச்சு. மேலவீதி பூரா தண்ணி இல்லை. சனம் வெறுங்குடத்தோட நின்னுச்சு."

பேரிங்கை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்க மிஷினுக்குக் கெட்டுப்போனது ஒண்ணாவது வேணும்னீங்களே. ஏத்துங்கம்மா."

உட்கார்ந்தேன். முப்பது பூஜ்யங்களுக்குக் கீழே முப்பத்தோராவது வரி. மாட்டிய தேதி, கழற்றிய தேதி, ஒன்று. விரல் தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். இந்தத் தடவை புரோகிராம் தயங்கவில்லை. பேரிங்குகள் நன்றாக உழைப்பதாகவும், பழுது மிக அரிது என்றும் பக்கம் பக்கமாகச் சொன்னது. ஃபைலில் வைக்கத் தோதான ரிப்போர்ட்.

"உங்களுக்கு வேலை திரும்பக் கெடைச்சிடும்ங்க" என்றேன்.

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. திரையில் கடைசியாக இருந்த அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்திருந்தா இந்த ஒண்ணு உங்களுக்குக் கெடைச்சிருக்காதும்மா" என்றார்.